பழைய இறுவட்டும் புதிய திரையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் கடைக்காரருக்கும் பொறியியலாளருக்கும் உரியது போலத் தோன்றக்கூடும். வீட்டிலே உயர் தெளிவுத் தொலைக்காட்சிப் பெட்டியொன்று புதிதாக வந்திருக்கிறது. அலுமாரியிலோ பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த டிவிடி இறுவட்டுகள் இருக்கின்றன. அந்தப் பழைய இறுவட்டுகளை இந்தப் புதிய திரையிலே செவ்வையாகப் பார்ப்பதற்கு எத்தகைய டிவிடி பிளேயரைத் தெரிந்தெடுப்பது என்பதே கேள்வி.

திரைப்படம் பார்ப்பதற்கு மாத்திரமானால் இக்கேள்வியைப் பெரிதாக்க வேண்டியதில்லை. திரைப்படங்களிற் பல இந்நாளில் வேறு வழிகளாலும் கிடைக்கின்றன. ஆனால் நம் அலுமாரிகளில் வேறொரு வகை இறுவட்டும் உண்டு. 2000ஆம் ஆண்டை அடுத்து வந்த காலத்தில் நம்மவர் இல்லங்களில் நடந்த திருமணம், பூப்புனித நீராட்டு விழா, அரங்கேற்றம், அந்தியேட்டி, ஊர்க் கோயிலின் தேர்த் திருவிழா ஆகியன பெரும்பாலும் இறுவட்டுகளிலேயே பதிவாயின. ரொறன்ரோவில் நடந்த பேத்தியின் கலியாணம் தபாலிற் பருத்தித்துறைக்கு வந்தது. மட்டக்களப்பில் நடந்த மரணச் சடங்கு இலண்டனுக்குப் போயிற்று. இடப்பெயர்வுகளின் போதும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின் போதும் நிழற்பட அல்பங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. அவற்றுட் சிலவற்றுக்கு, மறைந்துபோன தாயின் நடையையும் தந்தையின் குரலையும் காட்ட எஞ்சியிருப்பது அத்தகைய இறுவட்டு ஒன்றேயாகும்.

அந்த இறுவட்டைப் புதிய பெரிய திரையில் இட்டுப் பார்க்கிறோம். முகங்கள் மங்கலாகவும், அசைவுகள் முறிந்து முறிந்தும் தோன்றுகின்றன. மனம் சோர்ந்து கடைக்குச் செல்கிறோம். அங்கே, டிவிடியை உயர் தெளிவுப் படமாக மாற்றித் தருவது என்று வெளியில் அச்சிட்டிருக்கும் கருவியொன்றை நம் கையில் வைக்கின்றனர். 'அப்கன்வேர்ட்டிங்' என்றும் 'அப்ஸ்கேலிங்' என்றும் அதற்குப் பெயர். இந்த வாக்குறுதியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை அறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் நன்று.

முதலில், இறுவட்டினுள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். டிவிடி 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யப்பானிலும், 1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 சென்ரிமீற்றர். ஒற்றைப் படையுள்ள தட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைற். அந்நாளில் உலகிலிருந்த தொலைக்காட்சி முறைகளுக்கு ஏற்பவே அதில் அடங்கும் படத்தின் அளவு வகுக்கப்பட்டது. இலங்கை, இந்தியா, பிரித்தானியா ஆகிய நாடுகள் கைக்கொண்ட பால் முறையில், ஒரு வரியில் 720 புள்ளிகளாக 576 வரிகள். அமெரிக்காவும் கனடாவும் கைக்கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையில், ஒரு வரியில் அதே 720 புள்ளிகளாக 480 வரிகள்.

இனித் திரையைப் பார்ப்போம். முழு உயர் தெளிவுத் தொலைக்காட்சியில் ஒரு வரிக்கு 1920 புள்ளிகளாக 1080 வரிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 2,073,600 புள்ளிகள். பால் இறுவட்டின் ஒரு படத்திலோ 414,720 புள்ளிகளே உண்டு. சரியாக ஐந்தில் ஒரு பங்கு! என்.ரி.எஸ்.சி. இறுவட்டில் 345,600 புள்ளிகள். அது ஆறில் ஒரு பங்கு. '4கே' எனப்படும் இன்றைய திரைகளோடு ஒப்பிட்டால், முறையே இருபதில் ஒரு பங்கும் இருபத்துநான்கில் ஒரு பங்குமாகும். அதாவது திரையிலே ஒளிரும் ஐந்து புள்ளிகளில் ஒன்றுக்கு மாத்திரமே இறுவட்டில் ஆதாரம் உண்டு. எஞ்சிய நான்கையும் யாரோ ஊகித்து நிரப்ப வேண்டும். அவ்வாறு நிரப்புந் தொழிலையே 'அப்கன்வேர்ட்டிங்' என்று வணிகர் அழைக்கின்றனர்.

இவ்விடத்தில் நம் மரபிலிருந்து ஓர் உவமை கூறுவது பொருந்தும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். அவர் போன்ற பதிப்பாசிரியர்களின் கைக்குக் கிடைத்த ஏடுகள் பல, செல்லரித்தும் ஓரம் ஒடிந்தும் இருந்தன. ஏட்டில் இரண்டெழுத்து அழிந்திருந்தால், முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் யாப்பையும் ஓர்ந்து, இன்ன சொல்லாய் இருக்கலாம் எனக் கற்றவர் ஊகிப்பர். புலமை மிக்கவரின் ஊகம் செய்யுளோடு இசைந்து நிற்கும். புலமை குறைந்தவரின் ஊகம் ஓசையையும் பொருளையும் கெடுக்கும். ஆனால் எத்துணைச் சிறந்த ஊகமாயினும் அது ஊகமே. புலவன் எழுதிய சொல் இதுதான் என்று அதனைக் கொண்டு சாதிக்க முடியாது. படத்தைப் பெருக்கும் கருவியின் நிலையும் இதுவே. நல்ல கருவி, அடுத்தடுத்த புள்ளிகளை ஆராய்ந்து இடையிலே பொருத்தமான நிறத்தை இடும். தரம் குறைந்த கருவி விளிம்புகளைப் படிக்கட்டாக்கி விடும். இறுவட்டில் பதிவாகாத கண்ணிமை மயிரை எந்தக் கருவியாலும் வரவழைக்க இயலாது.

அடுத்ததாக, கடைகளிற் பெரும்பாலும் சொல்லப்படாத செய்தி ஒன்றுண்டு. உயர் தெளிவுத் திரையில் உள்ள புள்ளிகளின் தொகை மாறாதது. ஆகவே எந்தப் பழைய படத்தை அனுப்பினாலும், அதனைத் தன் அளவுக்குப் பெருக்கித்தான் அத்தொலைக்காட்சி காட்ட முடியும். பெருக்கும் சூத்திரம் தொலைக்காட்சியின் உள்ளேயே இருக்கிறது. அது இல்லாவிட்டால் படம் திரையின் ஒரு பகுதியிலே சிறு சட்டமாகத்தான் நிற்கும். எனவே, பெருக்கும் வேலையைத் தொலைக்காட்சி திறமையாகச் செய்யுமா, பிளேயர் திறமையாகச் செய்யுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தொலைக்காட்சி நன்றாகச் செய்யுமாயின், அதே வேலைக்காகப் பிளேயருக்கும் மிகுதியாகப் பணம் கொடுத்தல் வீண் செலவாகும்.

புள்ளிகளைப் பெருக்குவதற்கு முன்னர்ச் செய்ய வேண்டிய வேறொரு வேலை உண்டு. அதுவே கடினமானது, கருவிகளின் தராதரம் வெளிப்படுவதும் அதிலேதான். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படம் முழுமையாக ஒரே தடவையில் அனுப்பப்படுவதில்லை. முதலில் ஒற்றை எண் வரிகளும், பின்னர் இரட்டை எண் வரிகளும் என, இரண்டு பாதிகளாக அனுப்பப்படும். பால் முறையில் விநாடிக்கு 50 பாதிகள், என்.ரி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 60 பாதிகள். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டி அந்த ஒழுங்கிலேயே திரையில் வரிகளை வரைந்தது. ஆதலால் பாதிகளை ஒன்றுசேர்க்கும் தொல்லை அதற்கு இருக்கவில்லை. இன்றைய தட்டைத் திரையோ எல்லா வரிகளையும் ஒருங்கே காட்டுவது. ஆகவே இரண்டு பாதிகளையும் கோத்து ஒரு படமாக்கிய பின்பே அதனாற் காட்ட முடியும்.

இதிலே திரைப்பட இறுவட்டுக்கும் கலியாண இறுவட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. திரைப்படம் விநாடிக்கு 24 முழுப் படங்களாக எடுக்கப்படுவது. ஒரு படத்தையே இரண்டு பாதியாகப் பிரித்து இறுவட்டில் இடுகின்றனர். இரு பாதிகளும் ஒரே கணத்துக்கு உரியவையாதலால் மீண்டும் பொருத்தினால் பிசிறின்றிப் பொருந்தும். என்.ரி.எஸ்.சி. முறையில் 24 படங்களை 60 பாதிகளாக்குவதற்கு, ஒரு படத்துக்கு இரண்டு பாதியும் மறு படத்துக்கு மூன்று பாதியுமாக மாற்றி மாற்றி இடுவர். பால் முறையிலோ விநாடிக்கு 25 படங்களாகச் சிறிது விரைவுபடுத்தி ஓட்டிவிடுவர். இதனால் 120 நிமிடத் திரைப்படம் பால் இறுவட்டில் ஏறத்தாழ 115 நிமிடங்களில் முடிந்துவிடும். பாடகரின் சுருதியும், ஈடுசெய்து திருத்தாவிடின், அரைச் சுரத்துக்கும் சற்றுக் குறைவாக ஏறி நிற்கும். எப்படியாயினும் ஒழுங்கு தெரிந்த கருவி அந்த ஒழுங்கை இனங்கண்டு மூலப் படத்தைப் பிழையின்றி மீட்டுவிடும்.

கலியாண வீட்டில் ஒளிப்பதிவாளர் எடுத்த படம் பெரும்பாலும் அவ்வாறானதன்று. அவருடைய கமெரா ஒற்றை வரிகளை ஒரு கணத்திலும், இரட்டை வரிகளை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிவு செய்தது. தாலி கட்டும் கை அதற்கிடையில் அசைந்துவிட்டது. முதற் பாதியில் கை ஓரிடத்தில். மறு பாதியில் சற்று அப்பால். இரண்டையும் அப்படியே கோத்தால் கையின் விளிம்பு சீப்பின் பற்கள் போலக் கிழிந்து தோன்றும். ஒரு பாதியை நீக்கிவிட்டு மற்றதை மாத்திரம் பெருக்கினால் சீப்புப் பல் மறையும். ஆனால் படத்தின் தெளிவில் அரைவாசி போய்விடும். சிறந்த கருவி, அசையாத மணவறைக்கு இரு பாதிகளையும் பயன்படுத்தி, அசையும் கைக்கு மாத்திரம் வேறு வழியைக் கையாளும். இதனை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே விநாடிக்கு ஐம்பது முறை தீர்மானிக்க வேண்டும். இதனாலேதான் நம் வீட்டு இறுவட்டுகள், புகழ்பெற்ற திரைப்படங்களைக் காட்டிலும் கருவிகளுக்குக் கடினமான சோதனையாய் அமைகின்றன.

இந்தக் கலையில் உழைத்தவர்களின் வரலாறும் சுவையானது. ஈவ் ஃபரூஜா என்ற பொறியியலாளரின் நிறுவனம், சரிவான விளிம்புகளின் திசையை அறிந்து வரிகளைக் கோக்கும் முறையை உருவாக்கியது. அதனைக் கொண்ட சில்லுகள் பல பிளேயர்களில் இடம்பெற்றன. உயர் தெளிவுத் தொலைக்காட்சிகள் பரவத் தொடங்கிய காலத்தில் அவற்றினுள்ளே இருந்த பெருக்கும் சூத்திரங்கள் பல தரங் குறைந்தவை. அக்காலத்தில் நல்லதொரு பிளேயரால் உண்டாகும் வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. 2008ஆம் ஆண்டில் ஒப்போ டிஜிற்றல் நிறுவனம், அங்கர் பே நிறுவனத்தின் சில்லைக் கொண்ட டீ.வீ-983எச் என்ற டிவிடி பிளேயரை ஏறத்தாழ 400 டொலருக்கு விற்றது. அதே ஆண்டில், எச்.டி. டிவிடி முறையைக் கைவிட்ட தோஷிபா நிறுவனமும், சாதாரண டிவிடியை மெருகூட்டிக் காட்டும் பிளேயரொன்றை வெளியிட்டது. இவ்வாறு ஒரு சில ஆண்டுகள் இந்தச் சந்தை செழித்திருந்தது.

பின்னர் நிலைமை மாறியது. நல்ல சூத்திரங்கள் மலிந்து தொலைக்காட்சிகளுக்குள்ளேயே புகுந்தன. 2006ஆம் ஆண்டில் அறிமுகமான புளூ-றே முறையின் பிளேயர்கள் டிவிடியையும் இயக்கிப் பெருக்கிக் காட்டின. ஒப்போ நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஏப்பிரலில் புதிய பிளேயர்களை உருவாக்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே பழைய இதழ்களிலும் நண்பர் வாய்ச்சொல்லிலும் கிடைக்கும் அறிவுரை, அது தோன்றிய ஆண்டுக்குத்தான் பொருந்துமென்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முந்திய தொலைக்காட்சியை இன்னும் வைத்திருப்பவருக்கு நல்ல பிளேயர் உதவும். அண்மையில் வாங்கிய தரமான தொலைக்காட்சியை உடையவருக்கு அதனால் உண்டாகும் பயன் சொற்பமே.

அப்படியானால், புதிய திரையிற் படம் மோசமாகத் தோன்றுவது எதனால்? பல வீடுகளில் அதற்குக் காரணம் இணைப்புக் கம்பி. பழைய பிளேயரிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று செருகிகள் கொண்ட வயர் வரும். அவற்றுள் மஞ்சள் ஒன்றே படத்தைச் சுமப்பது, மற்றிரண்டும் ஒலிக்குரியவை. அந்த ஒற்றைக் கம்பியில் வெளிச்சமும் நிறமும் கலந்து அனுப்பப்படுகின்றன. மறுமுனையில் அவற்றை மீண்டும் பிரிக்கும்போது நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிகின்றன. விளிம்புகளில் புள்ளிகள் ஊர்கின்றன. இறுவட்டில் நல்ல நிலையில் உள்ள படம் வழியிலேயே கெட்டுவிடுகிறது. பச்சை, நீலம், சிவப்பு என்ற மூன்று படக் கம்பிகள் கொண்ட இணைப்பு இதனினும் மேலானது. எச்.டி.எம்.ஐ. என்ற ஒற்றை இணைப்பு எல்லாவற்றிலும் சிறந்தது. இறுவட்டில் உள்ள எண்களை எண்களாகவே திரைக்குக் கொண்டு செல்வது அது. வணிக இறுவட்டுகளுக்கு இடப்பட்ட பூட்டின் விதிமுறையால், அவற்றைப் பெருக்கிய அளவில் அந்த மூன்று கம்பி வழியே வெளியிட அனுமதியில்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று. ஆதலால் பிளேயர் வாங்குபவர் முதலிற் பார்க்க வேண்டியது எச்.டி.எம்.ஐ. துளை உண்டா என்பதையே.

மற்றொரு காரணம் நாம் அமர்ந்திருக்கும் தூரம். கூர்மையான மனிதக் கண்ணும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கிலும் நுண்ணியதைப் பிரித்தறிவது அரிது. இதனைக் கொண்டு கணக்கிட்டால், 576 வரிகளுள்ள படத்தின் வரிகள் தனித்தனியே தெரியாதிருக்க, திரையின் உயரத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு தூரம் வேண்டும். 40 அங்குலத் தொலைக்காட்சியின் திரை உயரம் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர். எனவே 3 மீற்றர் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு, இறுவட்டின் தெளிவே அவர் கண்ணுக்குப் போதுமானது. பழைய சிறு பெட்டியில் அதே படம் அழகாகத் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம். நாற்காலியைப் பின்னே தள்ளுவதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை!

மூன்றாவது காரணம் படத்தின் வடிவம். பழைய படங்கள் 4க்கு 3 என்ற விகிதத்தில் அமைந்தவை. புதிய திரையோ 16க்கு 9. திரை முழுவதையும் நிரப்ப வேண்டுமென்ற ஆசையால் படத்தை இழுத்து விரித்துவிடுகிறோம். மெலிந்த மணமகளும் பருத்துத் தோன்றுகிறாள்! பிளேயரின் அமைப்புப் பகுதியில் திரையின் வடிவம் 16க்கு 9 எனவும், தொலைக்காட்சியில் படத்தின் விகிதம் மூலத்துக்கு ஏற்றது எனவும் குறித்துவிட்டால், இரு பக்கமும் கறுப்பு ஓரத்தோடு படம் தன் இயல்பான வடிவில் நிற்கும். அத்துடன் தொலைக்காட்சியின் கூர்மைப்படுத்தும் அளவையும் குறைத்துப் பாருங்கள். கடையில் கண்ணைப் பறிக்கவென ஏற்றிவைத்த அந்தக் கூர்மை, பழைய படத்தின் குறைகளையே பெரிதாக்கிக் காட்டுவது.

இவற்றையெல்லாம் செய்த பின்னும் புதிய பிளேயர் வேண்டுமென்று தோன்றினால், அதனைத் தெரிந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நம்ப வேண்டாம். அது கருவிக்குப் புகழ் தேடித் தரும்படி தெரிந்தெடுத்த படம். உங்கள் வீட்டுக் கலியாண இறுவட்டின் பிரதி ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். ஐந்து காட்சிகளைப் பாருங்கள். முதலாவது, விரைந்து அசையும் கை அல்லது நாட்டியம்: விளிம்பில் சீப்புப் பல் தோன்றுகிறதா? இரண்டாவது, சாய்வான கோடுகள், பந்தற் கம்பு, சேலைக் கரை, வாழையிலை: படிக்கட்டுப் போல முறிகின்றனவா? மூன்றாவது, கூறைச் சேலையின் சிவப்பு: நிறம் கட்டங் கட்டமாக விளிம்பைத் தாண்டி வழிகிறதா? நான்காவது, கமெரா சபையோரைச் சுற்றி மெதுவாகத் திரும்பும் இடம்: ஓட்டம் சீராக இருக்கிறதா, தட்டுத் தடுமாறுகிறதா? ஐந்தாவது, கருங்கூந்தல்: இழைகள் தெரிகின்றனவா, ஒரே கறுப்புத் திட்டாகிறதா?

இதே சோதனையை வீட்டில் வேறு விதமாகவும் செய்யலாம். எச்.டி.எம்.ஐ. உள்ள பிளேயர்களிற் பலவற்றில், வெளியிடும் படத்தின் அளவைத் தெரிந்தெடுக்க முடியும். முதலில் 576 எனக் குறித்துப் பாருங்கள். அப்போது பெருக்குவது தொலைக்காட்சி. பின்னர் 1080 எனக் குறித்துப் பாருங்கள். அப்போது பெருக்குவது பிளேயர். எது கண்ணுக்கு இனிமையோ அதனையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகத் தோன்றினால், உயர்ந்த விலையுள்ள பிளேயர் உங்களுக்கு அவசியமில்லை என்பது உறுதி. 32 அங்குலப் பெட்டிகளிற் பல 768 வரிகளை மாத்திரம் கொண்டவை. அவற்றுக்கு 1080 அளவில் அனுப்பினால், பெருக்கியதை மீண்டும் சுருக்க வேண்டிவரும். அங்கே 720 என்ற அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

நமது நாட்டு வீடுகளுக்கு வேறு சில அவசியங்களும் உண்டு. பிளேயர் பால், என்.ரி.எஸ்.சி. ஆகிய இரு முறைகளையும் இயக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்தது இரண்டாவது முறையிலும், இலண்டனிலிருந்து வந்தது முதலாவது முறையிலும் இருத்தல் கூடும். வணிக இறுவட்டுகளுக்கு வலய எண் உண்டு. நமது பகுதி 5ஆம் வலயம். வட அமெரிக்கா 1ஆம் வலயம். பிரித்தானியா 2ஆம் வலயம். வீட்டுப் பதிவுகளுக்கு வலயப் பூட்டு இல்லை. எனினும் உறவினர் அனுப்பிய திரைப்படத் தட்டுகள் உள்ளவர்கள், எல்லா வலயங்களையும் இயக்கும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். டிவிடிக்கு முன்னர் இங்கே பெரிதும் பரவியிருந்த வீடியோ சீ.டி. தட்டுகளும் பலரிடம் உள்ளன. பால் முறையில் அவற்றின் படம் 352 புள்ளிகளும் 288 வரிகளும் மாத்திரமே. டிவிடி பிளேயர்கள் பொதுவாக அவற்றை இயக்கும். புளூ-றே பிளேயர்களிற் சில இயக்கா. மற்றெல்லா வகையிலும், விலை ஒத்துவருமாயின், புளூ-றே பிளேயரே பயன் மிகுந்தது. டிவிடியையும் பெருக்கிக் காட்டும், உண்மையான உயர் தெளிவு இறுவட்டையும் இயக்கும்.

நேயர்களே, பிளேயரைப் பற்றிய பேச்சோடு நிறுத்தினால் என் கடமை அரைகுறையாகிவிடும். கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம்; இறுவட்டு பழுதானால் என் செய்வது? வீட்டிலோ ஸ்ரூடியோவிலோ எழுதப்பட்ட இறுவட்டில் படம் ஒருவகைச் சாயப் படையிலே பதிந்திருக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்துக்குப் பகை. சில தட்டுகளில் படம் உறைந்து நிற்பதும், கட்டங் கட்டமாகச் சிதறுவதும் பிளேயரின் குறையாக இல்லாமல், சாயம் மங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அத்தகைய தட்டுக்கு எந்த விலையுயர்ந்த பிளேயரும் மருந்தாகாது. தட்டை நிழலிலே, உறையிலே, நிமிர்த்தி வைக்க வேண்டும். துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். காகிதச் சீட்டு ஒட்டுதல் ஆகாது.

இவற்றினும் முக்கியமானது பிரதி எடுத்தல். வீட்டு இறுவட்டுகளுக்கு வணிகப் பூட்டு இல்லையாதலால், அதில் உள்ள கோப்புகளைக் கணினியின் வன்தட்டுக்கு உள்ளபடியே மாற்றலாம். எண்கள் எண்களாகவே செல்வதனால் தெளிவு சிறிதும் குறையாது. ஒரு தெராபைற் வன்தட்டில் நிறைந்த ஒற்றைப் படை இறுவட்டுகள் ஏறத்தாழ 200 அடங்கும். ஒரு பிரதி நம் வீட்டிலும், மற்றொன்று வேறூரில் உள்ள பிள்ளை வீட்டிலும் இருக்கட்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் எரிந்தபோது, பிறிதோரிடத்தில் பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக அழிந்தன. அதை நினைவிற் கொண்டுள்ள நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய இறுவட்டை உயர் தெளிவுப் படமாக மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். ஆனால் அவர் தருவதை மாத்திரம் வைத்துக்கொண்டு மூலத்தைக் கைவிடாதீர்கள். அவர் செய்வதும் ஊகித்து நிரப்பும் வேலையே. இன்றைய கணினி முறைகள் இல்லாத கண்ணிமையையும், இல்லாத தோற் சுருக்கத்தையும்கூட நம்பத்தக்க விதத்தில் வரைந்துவிடுகின்றன. அம்முகம் அழகாயிருக்கும், ஆனால் அது நம் அன்னையின் முகந்தானா என்பதற்கு, மங்கலாயினும் மூலமே சாட்சி. திருத்திய பாடத்தை அச்சிட்டாலும் ஏட்டைப் பேணி வைப்பதே கற்றோர் வழக்கம்.

ஆகவே, முதலிற் கம்பியை மாற்றிப் பாருங்கள். படத்தின் வடிவத்தையும் கூர்மையையும் திருத்திப் பாருங்கள். தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். பின்னர் உங்கள் சொந்த இறுவட்டைக் கொண்டே தொலைக்காட்சியையும் பிளேயரையும் ஒப்பிடுங்கள். அதன் பின்னும் குறை தெரிந்தால், எச்.டி.எம்.ஐ. உள்ள, இரு முறைகளையும் இயக்கும் நடுத்தர விலைக் கருவியொன்றை வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தை வன்தட்டு ஒன்றில் இடுங்கள். பேரப்பிள்ளைகள் வளர்ந்து, தாம் கண்டிராத பூட்டனையும் பூட்டியையும் பார்க்க விரும்பும் நாளில், எந்தப் பிளேயர் வீட்டில் இருந்தது என்று கேட்கமாட்டார்கள்; படம் இருக்கிறதா என்றே கேட்பார்கள்.